இழுப்பறையில் உறங்கும் பேத்தியும் இடம் மாறும் வடக்கும்

அலிபிரி ரோடு, திருப்பதி.
விகாரி வருஷம் மார்கழி மாதம் 12-ஆம் தேதி, ஞாயிறு, பகல் இரண்டு மணி.

திருத்தணியில் இருக்கும் மாப்பிள்ளை சிரஞ்சீவி கோவர்த்தனன் அவர்களுக்கு மாமனார் செங்கல்வராயன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும், உங்கள் மனைவி அலர்மேல்மங்கையும், பிறந்து முப்பத்து மூன்று நாளான உங்கள் மகளும் மலைமேல் இருப்பவர் தயவில் சுகம். அங்கே நீங்களும் உங்கள் தாயார் பொன்னியம்மாள் அவர்களும் கறவை மாடும் கன்றும் சுகமாக இருப்பீர்கள் என்று ஊகித்துக்கொள்கிறேன். ஊகிக்க வேண்டி வந்ததன் காரணம், தாயார் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய கார்டில் சுகத்துக்கு இடமே இல்லை. 'தை இரண்டாம் தேதி வருகிறோம், தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகிறோம்' என்பதே கார்டு முழுக்க நிறைந்திருந்தது.

கார்டில் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, குழந்தை பிறந்த நாள் முதல் தூங்குவதில்லை, மூத்த பெண்பிள்ளை இல்லாத வீட்டில் அதைத் தூங்கவைக்க ஆள் கிடையாது. இரண்டு, டில்லியில் சட்டம் ஆகிவிட்டது, ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, நடுவில் எல்லை விழுந்துவிட்டால் ஆந்திராவில் பிறந்த பிள்ளையைக் கொண்டுவர யாரிடம் கைகட்டி நிற்பது என்பது. மாப்பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை மூன்றாம் மாதம் முடிந்து அனுப்புவதுதான் நம்மில் வழக்கம். என் மனைவி தாட்சாயணி இருந்திருந்தால் ஐந்தாம் மாதம் என்று சொல்லி உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பாள். அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. தாய் இல்லாத பெண் என்று மங்கையை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதபடி இந்த மூன்று மாதத்தை நான் ஒருவனாக நடத்திக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இன்னும் ஆசைப்படுகிறேன். ஆகையால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, வர வேண்டாம் என்பதைத் தாயாரிடம் பக்குவமாகச் சொல்லவும்.

இரண்டாவது காரணத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். எல்லை என்றால் மதில் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஸர்வேயில் இருந்து, ரிட்டயரான பிறகும் எல்லையோரக் கிராமங்களின் வரைபடத்தைச் சரிபார்க்க ஆறு மாதம் கூப்பிடப்பட்டவன் சொல்கிறேன். எல்லை என்பது ஒரு கல், கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு கல். நடுவில் வேர்க்கடலை போட்டிருப்பார்கள். ஆடு இந்த ராஜ்யத்தில் மேய்ந்துவிட்டு அந்த ராஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், அதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ரேணிகுண்டாவில் ரயில் ஏறுகிறவன் ஏப்ரலுக்கு அப்புறமும் திருத்தணியில் இறங்கத்தான் போகிறான். மடியில் குழந்தை இருந்தால் உட்கார இடமும் கொடுப்பார்கள். தாயார் இதை நம்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்து சொன்னாலும் நம்ப மாட்டார்.

இனி தூக்கம். குழந்தை தூங்கவில்லை என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சும்மா இருந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் தாட்சாயணியின் பழைய புடவை ஒன்றை எடுத்து உத்தரத்தில் தூளி கட்டினேன். முழம் போட்டு அளந்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி கட்டிய தூளி அது. குழந்தை அதில் கால் மணி நேரம் சத்தமில்லாமல் கிடந்தது, நானும் வாசலில் நின்று பனியைப் பார்த்தபடி, என்ன இருந்தாலும் ஸர்வே கை ஸர்வே கைதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் தபீதாள் வந்தாள். சித்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், வாரத்துக்கு ஒரு தரம் பச்சைக் குழந்தை இருக்கிற வீடுகளைப் பார்த்துப் போகிறவள், யாருக்கும் பயப்படாதவள். தூளியை விரித்து உள்ளே பார்த்தவள் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி எங்கள் தாசில்தார்கூட என்னைப் பார்த்ததில்லை. "இன்னா பெரியவரே, கழுத்து மடங்கிக் கெடக்குது, மோவாக்கட்டை நெஞ்சுல முட்டிக்கினு இருக்குது, எப்படி மூச்சு வுடும்? சத்தம் போடலைன்னா தூங்குதுன்னு அர்த்தமா?" என்றாள். அன்றே தூளியை அவிழ்த்துவிட்டேன்.

அப்புறம்தான் உங்கள் தாயார் ரயிலில் ஏற்றி அனுப்பிய தொட்டில் வந்தது. கிளி வைத்த, வர்ணம் பூசிய, நீங்களே படுத்து வளர்ந்த தொட்டில். அதைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் நாள் குழந்தையைப் பார்க்க வந்த தாயார் இரண்டே இரண்டு உத்தரவு போட்டுவிட்டுப் போனார்: வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது, குழந்தையை வடக்கே தலை வைத்துப் படுக்கவைக்கக் கூடாது. ஒரு பிற்பகல் நான் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மூன்று ராத்திரிக் கண்விழிப்பு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி, அலிபிரியில் மலையேறுகிறவர்களின் கோவிந்தா சத்தம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி எங்கேயோ கேட்கிறது. கிளிகள் போய்ப் போய் வருகின்றன. ஆட்டுவது நான்தானா, அல்லது தொட்டில் நின்றுகொண்டு நான்தான் ஆடுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அடுத்த அறையிலிருந்து குழந்தையின் அழுகை வந்தபோதுதான், மங்கை பால் கொடுக்க அதை எடுத்துப்போய் வெகுநேரம் ஆகிறது என்பது புரிந்தது. வெறும் தொட்டிலை ஒரு மணி நேரம் ஆட்டியிருக்கிறேன். தாயாரிடம் இதைச் சொல்ல வேண்டாம். தொட்டிலில் இப்போது வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன், ஆகவே அது வெறும் தொட்டில் அல்ல.

மூன்றாவதாக நான் கண்டுபிடித்தது இழுப்பறை. ரிட்டயரானபோது ஆபீஸில் கழித்துப்போட்ட வரைபட அலமாரி ஒன்றை எனக்குக் கொடுத்தார்களே, அதன் கடைசி இழுப்பறை. மூன்றடி அகலம், அரையடி உயரம், தேக்குப் பலகை, தரையைப் போலத் தட்டை. அதை உருவி, சுத்தமாகத் துடைத்து, கோரைப்பாயை அளவாக வெட்டிப் போட்டு, மேலே ஒரு வேட்டியை இழுத்துச் செருகி, மங்கையின் பாய்க்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். நர்ஸ் தபீதாள் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஷோக்கா இருக்குது. கெட்டியா, தட்டையா இருக்குது. மல்லாக்கப் படுக்க வையுங்க. தலகாணி, பொம்மை, கிம்மை ஒண்ணும் உள்ள வைக்காதீங்க" என்றாள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் யாரும் என் வேலையை ஷோக்கா இருக்கிறது என்று சொன்னதில்லை. எனக்கு அன்று சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

இதோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் தாயாரின் இரண்டாவது உத்தரவு இருக்கிறதே. வடக்கே தலை கூடாது. தெற்கே தலை வைப்பது உத்தமம் என்பார்கள், ஆனால் இந்த ஊரில் தெற்கே தலை வைத்தால் கால் இரண்டும் மலையைப் பார்த்து நீளும், பெருமாளை நோக்கிக் கால் நீட்டிய பேத்தி என்று பேர் வந்துவிடும். ஆகவே கிழக்கு. கிழக்கு எது என்பதில்தான் சிக்கல். ஐப்பசியில் குடிவந்த வீடு இது. சந்து மூன்று இடத்தில் வளைகிறது, எந்தச் சுவரும் எந்தச் சுவருக்கும் நேராக இல்லை. கார்த்திகை பாதி வரைக்கும் மழை, அது விட்டதும் பனி. பக்கத்து வீட்டுக் கமலம்மா, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுகிற நல்ல மனுஷி, "ஏன் அன்னா இவ்ளோ யோசனை? கொண்ட அக்கட உந்தி, மலை இருக்கிற பக்கம்தானே வடக்கு" என்று கையைப் பனிக்குள் நீட்டிக் காட்டினாள். மலை என்பது மைல் கணக்கில் படுத்துக் கிடக்கிறது அம்மா, அதில் எந்த முனையிலிருந்து வடக்கு என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் பெட்டியைத் திறந்து என் பித்தளைத் திசைகாட்டியை எடுத்தேன்.

முறைப்படிதான் செய்தேன். இரும்பு பக்கத்தில் இருந்தால் ஊசி பொய் சொல்லும் என்பது ஸர்வேயில் முதல் பாடம். அரைஞாணில் இருந்த சாவியைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு வந்து, திசைகாட்டியை இழுப்பறைக்குள் குழந்தையின் காலடியில் வைத்துப் பார்த்து, கிழக்கே தலை வரும்படி இழுப்பறையைத் திருப்பினேன். குழந்தை விழித்து அழுதது. மறுநாள் காலை சரிபார்த்தேன், ஊசி வேறு பக்கம் காட்டியது. திருப்பினேன். அழுதது. சாயங்காலம் பார்த்தால் இன்னொரு பக்கம். பதினைந்து நாளில் அந்த இழுப்பறை இந்த அறையில் படாத திசை இல்லை. மங்கை தன் பாயைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே சுற்றிவந்தாள். "நைனா, இப்பதான் கண்ணு மூடிச்சி, நாளைக்குத் திருப்பிக்கலாம்" என்பாள். "நாளை வரைக்கும் வடக்கே தலை வைத்துக் கிடக்கட்டுமா?" என்று நான் கேட்பேன். ஒரு கட்டத்தில் எனக்கே வேறுவிதமான யோசனைகள் வரத் தொடங்கின. எல்லையை மாற்றி வரைந்ததில் வடக்கும் கொஞ்சம் இடம் பெயர்ந்திருக்குமோ என்று ஒரு நாள் விடியற்காலையில் மிகவும் தெளிவாகத் தோன்றியது. கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளையாக மைக்கூட்டில் மை இல்லை.

போன புதன்கிழமை நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதன் தகப்பன். பிற்பகல் மூன்று மணி. மங்கை அசந்து படுத்திருந்தாள். குழந்தை அழுதது. அவள் கொஞ்சம் தூங்கட்டும் என்று நான் எடுத்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, என் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டேன். உடனே அடங்கிவிட்டது. அதன் சூடு என் நெஞ்சுக்குள் இறங்கியது. ஜன்னல் நிறையப் பனி. அந்தப் பனி மெல்ல அறைக்குள் வந்து, நாற்காலியைச் சுற்றி ஒரு பெரிய மைதானமாகிவிட்டது. நான் நிலம் அளக்கிற செயினின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன். மறுமுனை எங்கோ பனிக்குள் போகிறது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று இழுத்துப் பார்த்தால், அங்கிருந்தும் பதிலுக்கு லேசாக ஒரு இழுப்பு. தாட்சாயணிதான், எனக்குத் தெரியும். அவள் தூரத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் அளக்க வேண்டும் என்று கத்திக் கேட்டேன். அவள், "செயினு கெடக்குது, வுடுங்க. கையில இருக்கறதைப் பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். விழித்துக்கொண்டேன். என் இரண்டு கையும் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. நெஞ்சின்மேல் குழந்தை இல்லை.

மாப்பிள்ளை, நான் தரையைத்தான் முதலில் பார்த்தேன். தரையில் ஒன்றும் இல்லை. என் உயிர் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. மங்கை சுவரோரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சரிஞ்சிக்கினே வந்திச்சி நைனா. நான் எடுத்துக்கினேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. நான் கொல்லைக்குப் போய் முகம் கழுவிக்கொள்கிற மாதிரி வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் தபீதாள் வந்ததும் மங்கையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு தூங்குவது எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பெண் எனக்குப் பத்து நிமிஷம் வகுப்பு எடுத்தாள், நான் கைகட்டிக் கேட்டேன். அப்புறம், ஏன் இழுப்பறையில் தூங்குவதில்லை என்று பார்க்கக் குழந்தையைத் தூக்கி மங்கையிடம் கொடுத்துவிட்டு, வேட்டியையும் பாயையும் உருவினாள். மாப்பிள்ளை, உள்ளே இருந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு பாக்குவெட்டி. ஒரு மாட்டு லாடம். முக்கால் அடி நீளத்தில் ஒரு களஞ்சியச் சாவி. தலைமாட்டில், வளையம் வைத்த ஒரு இரும்புக் கம்பி. தபீதாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாங்க இது, கொழந்தை படுக்கையா, கொல்லன் பட்டறையா? சதையில குத்தினா இன்னா ஆவறது?" என்றாள்.

பச்சைக் குழந்தைக்குக் காற்றுக் கருப்பு அண்டாமல் படுக்கையில் இரும்பு வைப்பது நம்மில் உள்ளதுதான். ஆனால் வைத்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, நர்ஸ் திட்டுவாளே என்று பயம். பாக்குவெட்டி மங்கையுடையது. யாராவது வந்து பார்க்கும்போதெல்லாம் அதை இடம் மாற்றி மாற்றி ஒளித்திருக்கிறாள், ஊசி இடம் மாறியதும் அதனால்தான். லாடம், சத்தம் கேட்டு வந்து நின்ற கமலம்மா முன்பே கொண்டுவந்து செருகிய பரிசு. களஞ்சியச் சாவி யாருடையது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. பதினொன்றாம் நாள் உங்கள் தாயார் குழந்தையைக் கொஞ்சக் குனிந்தபோது இடுப்பில் கனமாக இருந்தது, நிமிர்ந்தபோது இல்லை என்று மங்கை சொல்கிறாள்; படுக்கை இழுப்பறைக்கு மாறியபோது சாவியையும் அவளே மாற்றி வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் மூன்று வாரமாகக் களஞ்சியத்தைத் திறக்க முடியாமல் இருந்தால் கவலைப்பட வேண்டாம், சாவி பத்திரமாக இருக்கிறது. மிஞ்சியது அந்தக் கம்பி. மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அது ஸர்வேயில் ஒவ்வொரு செயின் நீளம் அளந்ததும் அடையாளத்துக்குத் தரையில் குத்துகிற கம்பி. மங்கை பிறந்தபோது தாட்சாயணி அதைத்தான் என் பையிலிருந்து எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். அந்த நினைப்பில், இழுப்பறை செய்த அன்று, நானே கையோடு அதைப் பாய்க்கடியில் செருகியிருக்கிறேன். சாவியை முற்றத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்தவனுக்கு இது அடியோடு மறந்துபோயிற்று.

தபீதாள் கெட்டிக்காரி. இரும்பை எறியச் சொன்னால் நாங்கள் மறுபடி ஒளிப்போம் என்று அவளுக்குத் தெரியும். "எல்லாத்தையும் வாசக்காலுக்கு வெளியே ஆணி அடிச்சி மாட்டுங்க. வர்ற பேய் அங்கியே பயந்து ஓடிப்போவட்டும். உள்ள எதுக்கு?" என்றாள். மாட்டிவிட்டேன், காற்று அடித்தால் கோயில் மணி மாதிரி சத்தம் கேட்கிறது. அவளே இழுப்பறையைக் காலால் தள்ளி மங்கையின் பாயை ஒட்டி வைத்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்தினாள். யாரும் திருப்பவில்லை. அன்று முதல் நாலு நாளாகக் குழந்தை பசித்தால் அழுகிறது, குடித்தால் தூங்குகிறது. இப்போதும் கிழக்கே தலை வைத்து, மேலே கீழே ஒன்றும் இல்லாமல், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு தூங்குகிறது. கிழக்கு என்பது கண்ணளவில் சொல்வது, ஆனால் ஸர்வேக்காரன் கண். ஆகையால் பிள்ளையைத் தூங்கவைக்க ஆள் இல்லை என்ற முதல் காரணமும் தீர்ந்தது. நான் திடகாத்திரமாக இருக்கிறேன். தை இரண்டாம் தேதி வர வேண்டாம். மாசி கழிந்து, மூன்று மாதம் நிறைந்து, நானே வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து விடுகிறேன்.

உங்களுக்கும் தாயாருக்கும் தீர்க்காயுசும், மாட்டுக்கு நிறைந்த மடியும், திருத்தணி எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் வீட்டில் குறையாத நெல்லும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
செங்கல்வராயன்,
ஸர்வே இலாகா (ஓய்வு).

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் பனி விலகிவிட்டது. மூன்று வாரத்துக்கு அப்புறம் மலை தெரிகிறது. ஜன்னலை நிறைத்துக்கொண்டு, நீலமாக, குழந்தையின் தலைக்கு நேராக நிற்கிறது. நம்பாமல் திசைகாட்டியை எடுத்துவந்தேன். பக்கத்தில் இப்போது ஒரு குண்டூசிகூட இல்லை. ஊசி குழந்தையின் உச்சந்தலை வழியாக ஒரு மயிரிழை தவறாமல் மலையைக் காட்டுகிறது. நாலு நாளாக அசல் வடக்கே தலை வைத்துத்தான் இப்படித் தூங்கியிருக்கிறது. திருப்ப இரண்டு கையையும் கொண்டுபோனேன். "நைனா, அதைத் தொட்டியோ, அப்புறம் பாரு" என்றாள் மங்கை, கண்ணைத் திறக்காமலே. திருப்பவில்லை. பெருமாள் பக்கம்தானே தலை வைத்திருக்கிறது. திசைகாட்டியையும் வாசலில் ஆணியில் மாட்டிவிட்டேன்.

அதற்குள் மங்கை எழுந்து இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். "பொய் எழுதிக்கினு கீறியா நைனா? நாலு நாளா கொழந்தை தூங்குது, நானும் தூங்கறேன். நீ மட்டும் மணிக்கு ஒரு தபா எழுந்து மூக்காண்ட கையை வெச்சிப் பாத்துக்கினு இருக்கிற. அது மூச்சு வுடுது, நீ தூங்கு. அத்தையை வரச் சொல்லு. எங்களை அழைச்சிக்கினு போறதுக்கு இல்ல, இங்க வந்து கூட இருக்கறதுக்கு. உன்னைத் தூங்கவைக்க ஒரு ஆள் வேணும்" என்கிறாள். ஆகையால் மாப்பிள்ளை, மேலே வர வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம், தாயார் உடனே வரவும், மூன்றாம் மாதம் வரை இங்கேயே இருக்கவும் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். வேறு கடிதம் எழுதத் தெம்பில்லை. தூங்கப் போகிறேன்.